மலையகத்திலிருந்து இணையக் கடை: எந்தத் தளத்தில் திறப்பது?

ஹற்றனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு தேயிலைப் பக்கற், மசாலாத் தூள், ஸ்ட்ரோபெரி ஜாம், கையால் பின்னிய கம்பளிச் சட்டை என்று ஏதோ ஒன்றை இணையத்தில் விற்க நினைக்கிறீர்கள். தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, இணையக் கடை கட்டும் இரண்டு தளங்களைப் பற்றிய “ஷொப்பிஃபையா, வூகொமர்ஸா” என்ற சண்டைதான். அந்தச் சண்டையில் பாதி, கார்டில் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் கணக்கும் வாசலுக்கு வந்து பார்சல் எடுக்கும் வண்டியும் உள்ள ஊர்க்காரர்களுக்கு உரியது. நமக்குத் தளத்தைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள்: பார்சல் மலையிலிருந்து எப்படி இறங்கும்? காசு எப்படி ஏறி வரும்? இவற்றுக்கு விடை எழுதிவிட்டால் தளம் தெரிவது அரை மணி நேர வேலை. விடை இல்லாமல் தளத்தை வாங்கினால் டொலரில் மாதக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும், கடை மட்டும் திறந்திருக்காது.

கீழே “என்று வைப்போம்” என்று வரும் தொகைகள் கணக்குக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்கள் ஊரில் கேட்டறிந்த தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பார்சல் எங்கே கைமாறும் என்று எழுதுங்கள்

கூரியர் கிளைகள் நகரங்களில்தான் இருக்கின்றன. தோட்டத்துக்குள், அதிலும் மேல் டிவிசனுக்கு, வண்டி ஏறி வந்து பார்சல் எடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். நீங்கள் இறங்கிப் போய்க் கொடுக்கக்கூடிய நகரம் எது, அங்கே எந்தக் கூரியருக்குக் கிளை உண்டு, பின்னேரம் எத்தனை மணி வரை பார்சல் ஏற்பார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். வரைபடத்தில் காட்டும் கிளை வேறு தெருவுக்கு மாறியிருப்பது சாதாரணம். அன்றைய வண்டி போன பிறகு கொடுத்த பார்சலுக்கு ஒரு நாள் வீண்.

கிளையில் கேட்க வேண்டிய மற்றவை: முதல் கிலோவுக்கு என்ன கட்டணம், மேலதிகக் கிலோவுக்கு என்ன, வாடிக்கையாளர் வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் யார் கட்டுவது, சிஓடி காசு, அதாவது பார்சலைக் கொடுத்து வாங்கும் காசு, எத்தனை நாளில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், எடையைப் பருமன் வைத்துக் கணக்கிடுவார்களா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பருமன் எடை என்பது நீளம், அகலம், உயரத்தை சென்றிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது. 30 × 25 × 20 பெட்டிக்குள் ஒரேயொரு கம்பளிச் சட்டை இருந்தாலும் கட்டணம் 3 கிலோவுக்கு. தேயிலையும் கம்பளியும் எடை குறைந்து இடம் அடைக்கும் சரக்குகள். பெட்டியைப் பொருளுக்குத் தக்கபடி சிறிதாக்குங்கள், அல்லது பொலித்தீன் உறைக்கு மாறுங்கள்.

கூரியர் கிளை தூரமென்றால் தபால் நிலையத்தைத் தள்ளிவிடாதீர்கள். தபாலிலும் பார்சலைக் கொடுக்கும்போது காசு வாங்கித் தரும் சேவை உண்டு. கூரியரை விட மெதுவாகத்தான் போகும். ஆனால் நகரத்துக்கு முச்சக்கரவண்டியில் போய்வர ஆகும் செலவை மூன்று பார்சலுக்குப் பிரித்துப் பாருங்கள், மெதுவான வழி எவ்வளவு மலிவு என்று தெரியும்.

மழைக்காலத்தையும் இப்போதே யோசியுங்கள். மண் சரிந்து பாதை மூடுவது நமக்குப் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளியில் வீதியும் ரயில் பாதையும் சேர்ந்தே துண்டிக்கப்பட்டன. ஆகவே எந்தத் தளமானாலும் போனிலிருந்தே உள்ளே போய் “விநியோகம் தாமதமாகும்” என்ற அறிவிப்பைக் கடையின் தலையில் போடவும், தேவையென்றால் சிஓடியை நிறுத்தி வைக்கவும் முடிய வேண்டும். ஷொப்பிஃபைக்கும் வூகொமர்ஸுக்கும் போன் செயலி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நாளில் மடிக்கணினியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2. காசு வரும் வழியைத் தீர்மானியுங்கள்

ஸ்ட்ரைப் இலங்கையில் பதிந்த வணிகங்களுக்குக் கணக்குத் தருவதில்லை. ஷொப்பிஃபையின் சொந்தக் கொடுப்பனவு வசதியும் இங்கே இல்லை. பேபாலில் காசு வாங்கலாம் என்று எண்ணி வெளிநாட்டு வாடிக்கையாளரை மையமாக வைத்துத் திட்டம் போடாதீர்கள். உறவினரின் வெளிநாட்டுக் கணக்கைக் காட்டித் திறப்பது பலர் சொல்லும் குறுக்கு வழி. ஒருநாள் ஆவணம் கேட்பார்கள், கணக்கு முடங்கும், உள்ளே இருக்கும் காசும் முடங்கும்.

நம்மிடம் உள்ள வழிகள் இவை: சிஓடி, வங்கிக்கு நேரடி மாற்றல், பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர்க் கொடுப்பனவு நுழைவாயில் (கார்ட் காசை வாங்கி உங்கள் வங்கிக்கு அனுப்பும் நிறுவனம்) மூலம் கார்ட், கோகோ, மின்ட்பே போன்ற தவணை முறை. முதல் இரண்டுக்கும் எந்தத் தளத்திலும் தனிச் செலவில்லை. மூன்றாவதற்குத்தான் தளம் முக்கியம். நீங்கள் எடுக்கப்போகும் நுழைவாயிலின் இணையத்தளத்தில் போய், எந்தத் தளங்களுக்கு அவர்களே செருகி (பிளகின்) தருகிறார்கள் என்று பாருங்கள். பேஹியர் வூகொமர்ஸுக்கும் ஷொப்பிஃபைக்கும் தருகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். “ஆளைப் பிடித்து இணைத்துவிடலாம்” என்பவர்கள், அடுத்த அப்டேட்டில் அது உடையும்போது போன் எடுப்பதில்லை.

சிஓடி பற்றி ஒரு விடயம். தோட்டச் சம்பளம் வருவது மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டித்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் தோட்டங்களில் இருந்தால் ஐந்தாம் திகதி போய்ச் சேரும் சிஓடி பார்சல் திரும்பி வரும், பன்னிரண்டாம் திகதி சேரும் அதே பார்சல் விற்றுவிடும். அனுப்பும் திகதியைத் தள்ளிவைத்துக் குறிக்க வசதியுள்ள ஓடர் பட்டியல் உங்களுக்கு வேண்டும். இதற்கென்று செருகி வாங்க வேண்டாம். ஓடரின் கீழே உள்ள குறிப்புப் பெட்டி போதும்.

3. கடதாசிகள்

ஷொப்பிஃபைக்கோ வூகொமர்ஸுக்கோ ஆவணம் தேவையில்லை. நுழைவாயிலுக்கும் வங்கிக்கும் வேண்டும். இதில்தான் வாரக்கணக்கில் இழுபடும், ஆகவே தளம் கட்டத் தொடங்கும் முன்பே இதைத் தொடங்குங்கள்.

வணிகப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் வழியாக. இது மாகாண சபையின் பொறுப்பு என்பதால் மத்திய மாகாணத்தில் உள்ள நுவரெலியா, கண்டி, மாத்தளைக்கும், ஊவாவில் உள்ள பதுளைக்கும், சப்ரகமுவவில் உள்ள இரத்தினபுரி, கேகாலைக்கும் படிவமும் கட்டணமும் வேறுபடும். பக்கத்து மாவட்ட நண்பரின் படிவத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பொதுவாகக் கேட்பவை: அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வணிகம் நடக்கும் இடத்துக்கான சான்று.

அந்தக் கடைசிச் சான்றில்தான் லயத்தில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காணி உறுதி உங்கள் பெயரில் இல்லை, வரிமதிப்புப் பற்றுச்சீட்டும் இல்லை. இருக்கும் வழிகள் இரண்டு. தோட்ட முகாமையாளரிடமிருந்து, அந்த முகவரியில் தொழில் செய்ய ஆட்சேபனை இல்லை என்று கடிதம் பெறுவது ஒன்று. நகரத்தில் உறவினரின் கடையையோ வீட்டையோ உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலோடு முகவரியாகக் காட்டுவது மற்றது. இரண்டாவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும், தபாலும் தோட்ட அலுவலகம் சுற்றாமல் நேரே வந்து சேரும். எதுவானாலும் செயலக அலுவலரிடம் முதலில் கேட்டு, அவர் ஏற்கும் கடிதத்தின் வாசகத்தைக் குறித்துக்கொண்டு போய் எழுதி வாங்குங்கள். முகாமையாளரிடம் இரண்டாம் முறை போய் நிற்பது முதல் முறையை விடக் கஷ்டம்.

அடுத்து வங்கிக் கணக்கு. நுழைவாயில் காசை அனுப்புவது பதிவில் உள்ள பெயருக்கு. தனியார் கணக்கை ஏற்பார்களா, வணிகப் பெயரில் கணக்கு வேண்டுமா என்று விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள். வங்கி உங்களிடம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் இலக்கத்தை, அதாவது வரி அடையாள இலக்கத்தை, கேட்கும். அதை இணையத்திலேயே எடுக்கலாம். வரிப் பதிவு எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபரின் வருட வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை.

பொறி எங்கே என்றால் பெயரின் எழுத்தில். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, வணிகப் பதிவில் முதலெழுத்து முன்பின் மாறி. நம் பெயர்களை எழுத்தர்கள் அவரவர் காதுக்குப் பட்டபடி எழுதியதன் விளைவு இது. மூன்றையும் மேசையில் பரப்பி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய 9 இலக்க அடையாள அட்டையைக் கொடுத்து வங்கிக் கணக்குத் திறந்து, இப்போது 12 இலக்க அட்டை வைத்திருப்பவர்கள் வங்கியில் அதையும் புதுப்பிக்க வேண்டும்.

உணவுப் பொருளென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழுள்ள லேபல் விதிகளும் வீட்டில் அரைத்த மிளகாய்த் தூளுக்கும் பொருந்தும்: நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரித்தவர் பெயர், முகவரி. தேயிலைக்கு இன்னொரு படி உண்டு. வெளிநாட்டுக்கு வணிகமாக அனுப்ப இலங்கைத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிய வேண்டும். சிங்கச் சின்னம் சபைக்கு உரியது. அனுமதியில்லாமல் பக்கற்றிலோ கடையின் முகப்புப் படத்திலோ போடக் கூடாது. இணையத்தில் கிடைத்தது என்று எடுத்து ஒட்டுபவர்கள் அதிகம்.

4. எதிரே உள்ள நான்கு வழிகள்

வட்ஸ்அப் பிஸ்னஸ். கட்டணமில்லை, பட்டியலில் 500 பொருள் வரை போடலாம். மாதம் இருபது முப்பது ஓடர் வரை இதுவே போதும் என்பது எங்கள் கருத்து. இருப்பு தானாகக் குறையாது, ஒரே கடைசிப் போத்தலை இருவருக்கு விற்றுவிடுவீர்கள், கணக்கை நீங்களே எழுத வேண்டும். ஆனால் பொருள் விற்குமா என்று ஒரு ரூபா செலவில்லாமல் தெரிந்துவிடும்.

தராஸ் போன்ற சந்தைத் தளங்கள். மாதக் கட்டணம் இல்லை, விற்றால் கமிஷன். பொருள் வகைக்கு வகை கமிஷன் மாறும். அதோடு கொடுப்பனவுக் கட்டணமும் வேறு கழிவுகளும் சேரும். சேரும் முன் பார்சலை ஒப்படைக்கும் நிலையம் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்று பாருங்கள். குறித்த நேரத்தில் ஒப்படைக்காவிட்டால் விற்பனையாளர் மதிப்பெண் விழும். பஸ் இல்லாத ஞாயிறும் போயாவும் அந்தக் கணக்குக்குத் தெரியாது.

ஷொப்பிஃபை. வாடகைக் கடை. சேர்வர், பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. காசு டொலரில்.

வூகொமர்ஸ். இணையத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் மேல் ஓடும் இலவசச் செருகி. டொமைனும் (கடையின் இணைய முகவரி) ஹோஸ்டிங்கும் (கடை ஓடும் சேர்வருக்கான வாடகை) உங்கள் செலவு. உடைந்தால் சரிசெய்வதும் உங்கள் பாடு.

இவை தவிர விக்ஸ், ஓப்பன்கார்ட், மஜென்டோ என்று நீளமான பட்டியல் இருக்கிறது. இரண்டாம் படியின் நுழைவாயில் சோதனையை வையுங்கள், பட்டியல் தானாகச் சுருங்கும். மஜென்டோவைச் சிறு கடைக்குச் சிபாரிசு செய்பவர் உங்களுக்கு ஹோஸ்டிங் விற்க வந்தவர்.

5. கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஷொப்பிஃபையின் அடிப்படைத் திட்டம் அமெரிக்க விலைப்பட்டியலில் மாதா மாதம் கட்டினால் 39 டொலர், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 29 டொலர். நாட்டுக்கு நாடு விலை மாறுவதால் இலங்கை முகவரி கொடுத்து வரும் தொகையைப் பாருங்கள். டொலர் 300 ரூபா என்று வைப்போம்: மாதம் 11,700 ரூபா. இதற்கு மேல், வெளி நுழைவாயில் வழியாக வரும் கார்ட் விற்பனைக்கு அடிப்படைத் திட்டத்தில் 2 சதவீதம் ஷொப்பிஃபைக்குப் போகும். இது நுழைவாயில் எடுப்பதற்கு மேலதிகமாக. சிஓடிக்கும் வங்கி மாற்றலுக்கும் அந்த 2 சதவீதம் இல்லை. நம்மூர் விற்பனையில் சிஓடி அதிகம் என்பதால் இது நமக்குச் சாதகம், வெளிநாட்டு ஒப்பீடுகளில் இதைப் பேச மாட்டார்கள்.

வூகொமர்ஸுக்கு ஹோஸ்டிங் வருடம் 18,000, டொமைன் 4,500 என்று வைப்போம். மாதத்துக்கு 1,875 ரூபா.

மாதம் 10 ஓடர், ஒன்று 2,500 ரூபா, மொத்தம் 25,000. ஷொப்பிஃபைக் கட்டணம் அதில் 46.8 சதவீதம். வூகொமர்ஸ் 7.5 சதவீதம். சந்தைத் தளம் எல்லாக் கழிவும் சேர்த்து 15 சதவீதம் என்று வைத்தால் 3,750 ரூபா. மாதம் 60 ஓடர் என்றால் மொத்தம் 1,50,000, ஷொப்பிஃபை 7.8 சதவீதம், வூகொமர்ஸ் 1.25, சந்தைத் தளம் 22,500 ரூபா. இந்த எடுகோள்களில் சந்தைத் தளத்தின் கழிவும் ஷொப்பிஃபையின் மாதக் கட்டணமும் சமமாவது மாதம் 78,000 ரூபா விற்பனையில். அதற்குக் கீழே ஷொப்பிஃபை எடுப்பது கடை வாடகைக்காக உழைப்பது.

வூகொமர்ஸ் எப்போதும் மலிவாகத் தெரிவதில் ஒரு மறைவு இருக்கிறது: பராமரிப்பு. நீங்களே வாரம் ஒரு மணி நேரம் அப்டேட், பக்கப் பார்வை, பிரதி எடுத்தல் என்று உட்காருவீர்கள் என்றால் மேலே சொன்ன தொகை சரி. ஆளுக்கு மாதம் 5,000 கொடுத்தால் 6,875 ஆகிவிடும். அப்போது ஷொப்பிஃபையோடு உள்ள இடைவெளி அரைவாசியாகக் குறைகிறது.

பலர் கணக்கில் சேர்க்காத செலவு திரும்பி வரும் சிஓடி பார்சல். அனுப்பு கூலி 450 என்று வைத்து, 60இல் 10 திரும்பினால் 4,500 ரூபா. திரும்பும் கூலியும் வாங்கும் கூரியர் என்றால் இன்னும் மேலே. தளத்தில் சில நூறு ரூபா மிச்சம் பிடிப்பதை விட, ஓடர் வந்ததும் ஒரு போன் போட்டு உறுதிசெய்வது அதிகம் மிச்சப்படுத்தும்.

6. வூகொமர்ஸ் எடுத்தால்

ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். இரண்டு மூன்று மடங்காக இருக்கும். சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கட்டும். வேர்ட்பிரஸ் ஓடுவதற்கான பிஎச்பி நினைவக அளவு 256 எம்பியாவது வேண்டும். கடையின் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குக் காசு கேட்டால் வேறிடம் போங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம்.

நுழைவாயில் செருகியை நிறுவிய பிறகும் கட்டணப் பக்கத்தில் அது தெரியவில்லையா? 2023 நவம்பரில் வந்த வூகொமர்ஸ் 8.3 பதிப்பிலிருந்து புதிய கடைகளுக்குக் கட்டணப் பக்கம் பிளொக் என்ற புதிய முறையில் வருகிறது. சில உள்ளூர்ச் செருகிகள் கிளாசிக் என்ற பழைய முறையில் மட்டும் வேலை செய்யும். அந்தப் பக்கத்தைத் திருத்தப் போனால் கிளாசிக் முறைக்கு மாற்றும் வழி அங்கேயே இருக்கிறது. பலர் நுழைவாயில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு ஒரு வாரம் காத்திருப்பது இந்த ஒரு சொடுக்குக்காகத்தான்.

அதைவிட மோசமானது இது: வாடிக்கையாளரின் கார்டில் காசு வெட்டுப்பட்டிருக்கும், கடையில் ஓடர் “கொடுப்பனவு நிலுவை” என்று நிற்கும், ஒரு மணி நேரத்தில் தானாக ரத்தாகிவிடும். காரணம், நுழைவாயில் உங்கள் சேர்வருக்கு அனுப்பும் அறிவிப்பைப் பாதுகாப்புச் செருகியோ, “விரைவில் வருகிறோம்” பக்கமோ, ஹோஸ்டிங்கின் தடுப்போ மறித்திருப்பது. ரத்தாவதற்குக் காரணம், கொடுப்பனவு முடியாத ஓடருக்கு இருப்பைப் பிடித்துவைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடம் என்று இருப்பது. நுழைவாயிலில் பதிந்த டொமைனும் கடையின் டொமைனும் ஓரெழுத்தும் மாறாமல் ஒன்றா என்றும் பாருங்கள். வங்கி மாற்றல் ஓடர்களில் நேர்மாறு: அவை “நிறுத்திவைப்பு” நிலைக்குப் போய்ப் பொருளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காசு போடாதவரின் ஓடரை மூன்றாம் நாள் நீங்களே ரத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அலமாரியில் பொருள் இருக்கக் கடையில் “முடிந்துவிட்டது” என்று காட்டும்.

எடைக்கேற்ற அனுப்பு கூலி வூகொமர்ஸில் இயல்பாக இல்லை. தனிச் செருகி வேண்டும். மாவட்டப் பட்டியலும் இலங்கைக்கு இல்லை, ஆகவே வலயம் பிரிக்கத் தபால் குறியீட்டைப் பாவியுங்கள்: உதாரணமாக 22* (22இல் தொடங்கும் எல்லாக் குறியீடும்) என்று போட்டால் ஹற்றன் 22000, நுவரெலியா 22200 இரண்டும் அதில் அடங்கும். சிஓடி அமைப்பில் எந்த அனுப்பு முறைகளுக்கு மட்டும் அது தெரிய வேண்டும் என்று தெரிவு செய்யலாம். திரும்பி வருவது அதிகமான வலயத்துக்கு அதை மூடிவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (கடையின் தோற்ற வடிவம்) இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது ஸிப் கோப்பு அனுப்பினால் தொடாதீர்கள். அதற்குள் வேறு ஆளுக்கும் ஒரு சாவி இருக்கும்.

7. ஷொப்பிஃபை எடுத்தால்

எடைப்படி கூலி உள்ளேயே இருக்கிறது. கட்டணப் பக்கத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் போன் இலக்கத்தை ஏற்கும்படி வைக்கலாம். மின்னஞ்சல் பார்க்காத வாடிக்கையாளர்களுக்கு இது பெரிய விடயம். வூகொமர்ஸ் மின்னஞ்சலைக் கட்டாயம் கேட்கும், மக்கள் வாய்க்கு வந்ததை அடிப்பார்கள்.

கவனிக்க வேண்டியது மாதக் கட்டணம் போகும் கார்ட். டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை வங்கியில் கேட்டுத் திறக்க வேண்டும். கார்டில் காசு இல்லாமல் கட்டணம் தவறிக்கொண்டே போனால் கடை முடக்கப்படும். வங்கி போடும் டொலர் விலை பத்திரிகையில் பார்க்கும் விலையை விடக் கூட, முத்திரைத் தீர்வையும் சேரலாம்.

செயலிகள் ஒவ்வொன்றும் மாதம் 5, 10 டொலர் என்று ஒட்டிக்கொள்ளும். மூன்று செயலி சேர்ந்தால் அது இன்னொரு திட்டத்தின் விலை.

8. முகவரிப் படிவம்

இதைத் தயாராக வரும் படிவத்தோடு விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுக்காரர் எண்ணத்தில் முகவரி என்றால் வீட்டிலக்கமும் தெருவும். நம் வாடிக்கையாளரில் பலருக்கு இரண்டும் இல்லை: தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம். கூரியர்க்காரர் போன் போட்டு “டவுனுக்கு வந்து எடுங்க” என்பார். அதனால் “பார்சல் எடுக்க வரக்கூடிய நகரம்” என்று ஒரு பெட்டி, இரண்டாவது போன் இலக்கத்துக்கு ஒரு பெட்டி சேருங்கள். தோட்டத்தில் சிக்னல் இல்லாத நேரத்தில் இரண்டாவது இலக்கம்தான் பார்சலைக் காப்பாற்றும். தபால் குறியீட்டைக் கட்டாயமாக்கினால் தெரியாதவர்கள் 00000 என்று அடிப்பார்கள், உங்கள் வலயக் கணக்கு குழம்பும். நகரத்தைத் தெரிவுசெய்தால் குறியீடு தானாக வரும்படி செய்விக்க முடிந்தால் அதுவே சிறந்தது. பதிவு செய்யாமல் வாங்கும் வசதியைத் திறந்து வையுங்கள்.

9. தமிழ் எழுத்து

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பொருள் விபரத்தை அப்படியே ஒட்டினால் கடையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யுனிக்கோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். பொருளின் இணைப்பு முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் வட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளாக அரைப் பக்கத்துக்கு நீளும், மோசடி இணைப்பு என்று ஆட்கள் பயப்படுவார்கள்.

குறுஞ்செய்தி செருகி பாவித்தால்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் “கி” என்பது இரண்டாக எண்ணப்படும். உறுதிப்படுத்தும் செய்தி மூன்று செய்தியாக உடைந்து மூன்று மடங்கு கட்டணம் போகும். சுருக்கமாக எழுதுங்கள்.

படங்கள் 1000 பிக்சல் சதுரம், 150 கேபிக்குள். தலவாக்கலைப் பள்ளத்தாக்கில் இரண்டு கோடு சிக்னலில் உங்கள் கடையை ஒருமுறை திறந்து பாருங்கள், எதை வெட்ட வேண்டும் என்று தெரியும்.

10. கட்டித் தருபவரிடம் ஒப்படைத்தால்

டொமைன், ஹோஸ்டிங், நுழைவாயில், தளத்தின் நிர்வாகி கணக்கு: நான்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் எடுத்த சிம்முக்கு ஓடிபி வரும்படி திறக்கப்பட வேண்டும். திறந்து முடித்த பிறகு அவருக்கு அனுமதி கொடுங்கள். “முதலில் என்னுடையதில் போட்டு, பிறகு மாற்றித் தருகிறேன்” என்பதை ஏற்க வேண்டாம். அவர் வெளிநாடு போய்விட்டால் வருடம் முடியும்போது டொமைன் போய்விடும், பக்கற்றில் அச்சடித்த முகவரியும் அதோடு போகும். காசை மூன்று தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணை முதல் உண்மையான கார்ட் ஓடர் வங்கியில் விழுந்த பிறகு.

11. காலக் கணக்கும் திறப்பும்

ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் பதிவும் வங்கியும். அதே நேரத்தில் படம் எடுத்து, எடை பார்த்து, விலை எழுதுங்கள். எடையைப் பெட்டியோடும் ஒட்டு நாடாவோடும் நிறுத்துப் போடுங்கள்; ஜாம் போத்தலில் கண்ணாடிக்கும் எடை உண்டு. நான்காம் வாரம் தளம். நுழைவாயிலுக்கு விண்ணப்பிக்கும்போது கடை வெறுமையாக இருக்கக் கூடாது: பொருள்கள், ரூபாவில் விலை, தொடர்பு முகவரி, தனியுரிமை, திருப்பிக் கொடுக்கும் விதி, விற்பனை நிபந்தனை ஆகிய பக்கங்கள் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், வரிசையில் மறுபடி கடைசி. ஐந்தாம், ஆறாம் வாரம் அனுமதிக்கும் சோதனைக்கும். தீபாவளி வியாபாரம் பிடிக்க வேண்டுமென்றால் தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

சோதனையை நுழைவாயிலின் மாதிரிக் கார்டில் முடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நிஜக் கார்டில் 100 ரூபாப் பொருள் ஒன்றை வாங்கி, காசு எத்தனை நாளில், எவ்வளவு கழிந்து வங்கிக்கு வருகிறது என்று பாருங்கள். அதே ஓடரைத் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கட்டணம் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிறகு ஒரு சிஓடி பார்சலை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள உறவினருக்கு அனுப்பி, அவரை வேண்டுமென்றே வாங்க மறுக்கச் சொல்லுங்கள். பார்சல் எத்தனையாம் நாள், எந்த நிலையில் உங்கள் கிளைக்குத் திரும்புகிறது, போத்தல் உடைந்ததா, கூரியர் எவ்வளவு கேட்கிறது என்பதை எழுதி வைத்து, அந்தத் தொகையைச் சேர்த்த பிறகு விலைப்பட்டியலைப் பூட்டுங்கள்.